விட்டுப்போன எண்கள்

வரிசையாக எண்ணத் தெரியாத ஒரு சர்வரிடம்தான் நான் தொழில் பழகினேன். சன் மைக்ரோசிஸ்டம்ஸின் என்டர்பிரைஸ் 4500. அப்போது 2001. அம்பத்தூர் தொழிற்பேட்டையில், கீழே லேத் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கட்டடத்தின் மாடியில் எங்கள் சர்வர் அறை. வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஷிப்ட் தொடங்கியதும் செய்ய வேண்டியவற்றை எங்கள் சீனியர் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். முதல் வேலை, கன்சோலில் ‘பிஎஸ்ஆர்இன்ஃபோ’ என்று அடித்து, வருவதை நோட்டில் எழுதுவது. சன்னின் இயக்க முறைமையான சோலாரிஸ் ஒவ்வொரு பிராசஸருக்கும் ஒரு வரி காட்டும். முதலில் எண், பிறகு ‘ஆன்-லைன்’ என்ற நிலை, கடைசியில் எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து அப்படி இருக்கிறது என்ற விவரம். எங்களுக்கு ஆறு வரி வரும். எண்கள் 0, 1, 4, 5, 8, 9.

நடுவில் உள்ளவை எங்கே போயின என்று கேட்டேன். சீனியர் பதில் சொல்லாமல் எழுந்து போய் இயந்திரத்தின் முன்பக்கத்தைத் திறந்தார். “இங்க வந்து பாரு தம்பி.”

அந்தப் பெட்டியில் எட்டு ஸ்லாட். இரட்டைப்படை எண்கள் முன்பக்கம், ஒற்றைப்படை பின்பக்கம். ஒரு சிபியு போர்டில் இரண்டு பிராசஸர் உட்காரும். ஸ்லாட்டின் எண்ணை இரண்டால் பெருக்கினால் அந்தப் போர்டின் முதல் பிராசஸருக்கு எண் கிடைத்துவிடும், ஒன்று கூட்டினால் அடுத்ததற்கு. எங்கள் சிபியு போர்டுகள் 0, 2, 4 ஆகிய ஸ்லாட்டுகளில் இருந்தன. ஸ்லாட் 1 ஐ/ஓ போர்டுக்கு ஒதுக்கியது, அதனால் அந்தப் பெட்டியில் 2, 3 என்ற பிராசஸர்கள் என்றைக்குமே பிறக்கப் போவதில்லை. 6, 7 பிறக்கலாம், யாராவது காசு கொடுத்து ஸ்லாட் 3-இல் போர்டு வாங்கிச் செருகினால். தெருவில் காலி மனைக்கும் கதவிலக்கம் விட்டுவைப்பார்களே, அந்த மாதிரி. எத்தனை வீடு இருக்கிறது என்று அந்த எண் சொல்லாது, எந்த வீடு என்று சொல்லும்.

இதன் அருமை எனக்குத் தெரியவந்தது ஒரு போர்டை இடம் மாற்றிய போது. சோதனைக்கு வைத்திருந்த இயந்திரத்திலிருந்து ஒரு சிபியு போர்டைக் கழற்றி, நிஜமாகப் பாரம் சுமக்கும் இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. கழற்றுவதற்கு முன், அது இல்லாமல் சோதனை இயந்திரம் தாக்குப்பிடிக்குமா என்று பார்க்க வேண்டும். சீனியர் ‘பிஎஸ்ஆர்ஏடிஎம்’ கமாண்டில் 8, 9 என்ற இரண்டு எண்களைக் கொடுத்தார். மறுபடி பிஎஸ்ஆர்இன்ஃபோ அடித்தபோது அந்த இரண்டு வரியும் ‘ஆஃப்-லைன்’ என்று மாறியிருந்தன, பக்கத்தில் அந்த நிமிடத்தின் நேரம். வேலைகள் மிச்சம் நான்கின் மேல் ஓடின. சில நாள் அப்படியே விட்டுப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இயந்திரத்தை நிறுத்தி போர்டை உருவினோம். 8 என்றால் ஸ்லாட் 4, ஸ்லாட் 4 என்றால் முன்பக்கம். எந்தப் படத்தையும் பார்க்கவில்லை, எந்த மேனுவலையும் புரட்டவில்லை. திரையில் இருந்த எண்ணும் கையில் பிடித்த இரும்பும் ஒன்றாகவே இருந்தன.

ஆனால் அதே எண்கள் எங்களைச் சிரிப்பாய்ச் சிரிக்கவும் வைத்தன. ஆண்டுக்கு ஒருமுறை சொத்துக் கணக்கு எடுக்க ஆள் வருவார். மேசை, நாற்காலி, மின்விசிறி என்று எண்ணிக்கொண்டே வந்தவர் சர்வர் அறைக்குள்ளும் நுழைந்தார். பிராசஸர் எத்தனை என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றார். பிஎஸ்ஆர்இன்ஃபோவை அச்சடித்துக் கொடுத்தோம். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

“0, 1 இருக்கு. 2, 3 எங்க சார்?”

“அந்த ஸ்லாட்ல சிபியு போர்டு இல்ல சார்.”

“அதான் கேக்கறேன், எங்க போச்சு?”

சீனியர் ஸ்லாட்டுகளைத் திறந்து காட்டினார், இரண்டால் பெருக்கிக் காட்டினார். கடைசியில் வாங்கிய பில்லைக் காட்டிய பிறகுதான் அவர் சமாதானம் ஆனார். இருந்தாலும் அறிக்கையில் ஒரு வரி ஏறியே விட்டது: பிராசஸர் எண்கள் தொடர்ச்சியாக இல்லை, விளக்கம் தேவை. அந்த வரிக்குப் பதில் எழுதியது நான். அதை எழுதப் படித்ததில்தான், இயக்க முறைமை தன் உடம்பைப் பற்றித் தானாக ஒன்றுமே அறிந்துகொள்வதில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

சன் இயந்திரத்துக்கு மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது சோலாரிஸ் அல்ல, போர்டிலேயே பொதிந்த ஓப்பன்பூட். அது ஒவ்வொரு ஸ்லாட்டாகத் தட்டிப் பார்த்து, இருப்பவற்றைச் சோதித்து, கண்டதையெல்லாம் ஒரு மரம் போன்ற பட்டியலாக அடுக்கி வைக்கிறது. சோலாரிஸ் கெர்னல் பின்னால் வந்து அந்தப் பட்டியலைப் படிக்கிறது. ‘பிஆர்டிகான்ஃப்’ காட்டுவதும் ‘பிஆர்டிடயாக்’ அட்டவணை போட்டு போர்டு எண், 400 மெகாஹெர்ட்ஸ், 8 எம்பி கேஷ் என்று ஒப்பிப்பதும் அங்கிருந்து வந்த செய்திதான். இன்டெல் பக்கமும் கதை இதே, ஆட்கள் வேறு. மின்சாரம் வந்ததும் ஒரு பிராசஸர் மட்டும் வேலையைத் தொடங்கும், மற்றவை காத்துக் கிடக்கும். எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதை பயாஸ் ஒரு அட்டவணையாக நினைவகத்தில் எழுதிவைக்கும். 90-களில் அதற்கு இன்டெல் வகுத்த மல்டிபிராசஸர் விதிமுறை இருந்தது, பிறகு ஏசிபிஐ வந்தது. கெர்னல் அந்த அட்டவணையைப் பார்த்து ஒவ்வொருவராகத் தட்டி எழுப்பி, எழுந்தவரை எண்ணிக்கொள்கிறது. பட்டியலில் பெயர் இல்லாதவர் அதன் கணக்கில் இந்த உலகத்திலேயே இல்லை.

2003 வாக்கில் எங்கள் அறைக்குள் இன்டெல் ஸியான் பெட்டிகள் வரத் தொடங்கின. சன் சர்வர் ஒன்றின் விலைக்கு அவை பல வாங்கலாம் என்பதால் வந்தன, வேறு காரணம் தேட வேண்டாம். லினக்ஸ் போட்டு ‘/ப்ராக்/சிபியுஇன்ஃபோ’ கோப்பைத் திறந்தால் பிராசஸர் 0, 1, 2, 3 என்று நான்கு பத்தி வந்தது. நாங்கள் வாங்கியது இரண்டு. மேலாளர் மகிழ்ந்து போனார். இரண்டு வாங்கினால் இரண்டு இலவசம் என்று பக்கத்து அறை வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

ஹைப்பர்-த்ரெடிங் என்று இன்டெல் 2002-இல் கொண்டுவந்த வித்தை அது. ஒரே பிராசஸர் இரண்டு வேலைகளின் நிலையை ஒரே சமயத்தில் வைத்துக்கொள்ளும். ஒன்று நினைவகத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில் மற்றது உள்ளே இருக்கும் கணக்கிடும் உறுப்புகளைப் பயன்படுத்திக்கொள்ளும். உறுப்புகள் ஒரு செட்தான், இரண்டாகவில்லை. ஆனால் பயாஸ் அட்டவணையில் இரண்டு பெயர், ஆகவே லினக்ஸுக்கும் இரண்டு ஆள்.

அந்த நான்கு பத்திகளையும் வரி வரியாகப் படித்தபோது எனக்குப் பழைய நண்பனைப் பார்த்த சந்தோஷம். ‘பிராசஸர்’ என்ற முதல் வரி 0, 1, 2, 3 என்று ஒழுங்காக நடந்தது. ஆனால் கீழே ‘பிசிக்கல் ஐடி’ என்றொரு வரி. இரண்டு பத்தியில் 0 என்றும் இரண்டு பத்தியில் 3 என்றும் இருந்தது. 1, 2 இல்லை. போர்டு தயாரித்தவர்கள் இரண்டாவது சாக்கெட்டின் பின்களுக்கு அப்படி முகவரி கொடுத்திருந்தார்கள், சிப் அதை அப்படியே தன் ஏபிஐசி எண்ணில் சுமந்துகொண்டு வந்து நின்றது. சோலாரிஸ் முதல் வரியிலேயே சொன்னதை லினக்ஸ் பத்தாவது, பன்னிரண்டாவது வரியில் முணுமுணுத்தது. நிரலர்களுக்கு 0, 1, 2, 3 வசதி, வட்டம் போட்டு எண்ணிவிடலாம். எனக்கு அந்த 3-தான் வேண்டியிருந்தது, அதுதான் இரும்பைத் தொட்டு வந்த எண்.

இலவசமாக வந்த இரண்டும் எங்களுக்கு ஒரு பாடத்தைக் கொடுக்காமல் போகவில்லை. இரவு பில்லிங்கும் மற்ற வேலைகளும் ஓடும்போது ‘எம்பிஸ்டாட்’ சராசரியாகப் பாதி சும்மா கிடப்பதாகக் காட்டியது. பாதி சும்மா என்றால் இன்னொரு மடங்கு வேலை போடலாம் என்று மேலாளர் கணக்குப் போட்டார். போட்டோம். இரண்டு வேலையும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, விடிந்தும் முடியவில்லை. திரையில் தெரிந்த அந்தப் பாதி, காலி இடம் அல்ல. உண்மையான இரண்டு பிராசஸரும் ஏற்கெனவே மூச்சு முட்ட ஓடிக்கொண்டிருந்தன. காலியாகத் தெரிந்தவை அவற்றின் இரண்டாவது பெயர்கள். ஹைப்பர்-த்ரெடிங்கால் நல்ல பொருத்தமான வேலைகளில் 30 சதவீதம்வரை கூடுதலாகக் கறக்கலாம் என்றுதான் இன்டெல்லே சொன்னது, நூறு சதவீதம் என்று யாரும் சொல்லவில்லை. போதாக்குறைக்கு, லினக்ஸின் மூல 2.4 கெர்னலுக்கு நான்கு பேரும் ஒன்றே. இரண்டு கனமான வேலைகளை ஒரே சிப்பின் இரண்டு பெயரிலும் ஏற்றிவிட்டு, பக்கத்துச் சிப்பைத் தூங்கவிடவும் அது தயங்காது. யார் யாருக்கு உடன்பிறப்பு என்று பார்த்து வேலை பிரிக்கும் பழக்கம் 2.6 வரிசையில்தான் ஒழுங்காக வந்தது. அதுவரை பிசிக்கல் ஐடியைப் பார்த்து நாங்களே கையால் கட்டிவைத்தோம்.

எண்ணிக்கை கூடித் தெரிந்த கதை இது. குறைந்து தெரிந்த கதையும் உண்டு. ரெட் ஹேட் 4 காலத்தில் கெர்னல் முக்கியமாக இரண்டு வகையாக வரும். ஒரே பிராசஸருக்கானது ஒன்று, பலவற்றுக்கானது ஒன்று. இரண்டாவதன் பெயரின் வாலில் ‘எஸ்எம்பி’ ஒட்டியிருக்கும். ஓர் இரவு மறுதொடக்கத்தில் பூட் மெனுவில் யாரோ வால் இல்லாததைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். காலையில் இயந்திரம் திணறுகிறது, சிபியுஇன்ஃபோவில் பிராசஸர் 0 மட்டும். ஹார்ட்வேர் ஆள் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து மூடியைத் திறக்கத் தயாராகிவிட்டார். ‘டிமைடிகோட்’ என்ற இன்னொரு கமாண்டை ஓட்டினோம். அது கெர்னலைக் கேட்பதில்லை, பயாஸ் எழுதிவைத்த வேறோர் அட்டவணையை அப்படியே வாசிக்கும். இரண்டு சாக்கெட்டும் ‘பாப்புலேட்டட், எனேபிள்ட்’ என்றது அது. ஒரே இயந்திரம், ஒரே திரை. ஒரு கமாண்ட் எழுந்து வந்தவர்களை எண்ணியது, மற்றது அழைப்பிதழ் அனுப்பிய பட்டியலை வாசித்தது. ‘யுநேம்’ அடித்துப் பார்த்ததும் 2.6.9-42.இஎல் என்று மொட்டையாக வந்தது. ஸ்க்ரூ டிரைவர் பைக்குள் போனது.

அதே சமயம் சன்னிடமிருந்து டி2000 வந்தது. உயரம் இரண்டு யூனிட், ரேக்கில் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொள்ளும். பழைய 4500-இன் பக்கத்தில் நின்று பார்த்தால் பிள்ளைப் பூச்சி. பிஎஸ்ஆர்இன்ஃபோ அடித்தேன். வரி வரியாக ஓடி 31-இல் நின்றது. 0 முதல் 31 வரை ஓர் எண்கூட விட்டுப்போகவில்லை. சொத்துக் கணக்கு எடுத்தவர் இருந்திருந்தால் மனம் குளிர்ந்திருப்பார். எனக்கு அங்கேயே சந்தேகம் தட்டிவிட்டது. இத்தனை ஒழுங்காக எண் வந்தால், இடையில் யாரோ உட்கார்ந்து எண் போடுகிறார் என்று பொருள். உண்மையும் அதுதான். அந்த வரிசை இயந்திரங்களில் சோலாரிஸுக்கும் இரும்புக்கும் நடுவே ஹைப்பர்வைசர் ஒன்று உட்கார்ந்து, இயந்திரம் இப்படி இருக்கிறது என்று ஒரு வருணனையை எழுதிக் கொடுக்கும்.

அதே கமாண்டோடு ‘-பி’ சேர்த்து அடித்தால் வந்த விடை 1. சிப் ஒன்றுதான். 2005-இல் சன் வெளியிட்ட அல்ட்ராஸ்பார்க் டி1. அதற்குள் 8 கோர், ஒவ்வொரு கோரிலும் 4 த்ரெட், ஆக 32. நடுவில் இருக்கிற 8 நேரடியாகத் தெரியாது. ‘கேஸ்டாட்’ கமாண்டில் ஒவ்வொன்றின் கோர் ஐடியையும் உருவி, ஒரே மாதிரி இருப்பவற்றைக் கழித்து நாமே எண்ண வேண்டும்.

‘-வி’ சேர்த்து அடித்தால் இன்னும் வேடிக்கை. 32 பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்து, நான் இத்தனை மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறேன், என்னிடம் ஒரு ஃப்ளோட்டிங் பாயின்ட் பிராசஸர் இருக்கிறது என்று சத்தியம் செய்வார்கள். 4500-இல் அந்த வாக்கியம் உண்மை. ஒவ்வொரு அல்ட்ராஸ்பார்க் II-க்கும் தனித்தனி தசமக் கணக்கு உறுப்பு இருந்தது. டி1-இல் அந்த உறுப்பு சிப் முழுவதற்கும் ஒன்றே ஒன்று. 8 கோரும், 32 த்ரெடும் அதற்காக வரிசையில் நிற்க வேண்டும். ஆனாலும் வாக்கியம் மாறவில்லை. பொய் என்றும் சொல்ல முடியாது, அந்தக் கட்டளையைக் கொடுத்தால் விடை வரத்தான் செய்யும். என்னிடம் இருக்கிறது என்பதற்கும் எனக்கு எட்டுகிறது என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல அந்த வரியில் இடம் வைக்கவில்லை, அவ்வளவே. அடுத்து வந்த டி2-இல் கோருக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டார்கள். இணையப் பக்கங்களை அள்ளித் தள்ளும் வேலைக்கு டி1 அபாரம். ஆயிரம் பேர் சின்னச் சின்ன வேலையாகக் கேட்டால் 32 கையாலும் கொடுக்கும். எங்கள் பில்லிங்கோ ஒற்றை நூலில் ஓடுவது. 31 பேர் வேடிக்கை பார்க்க ஒருவர் மூட்டை தூக்கினார். திரையில் பயன்பாடு 3 சதவீதம் என்று வரும், வேலை நகராது.

டி2000 வந்த ஆண்டுதான் கணக்குப் பிரிவிலிருந்து லைசென்ஸ் படிவம் வந்தது. ‘பிராசஸர்களின் எண்ணிக்கை’ என்று ஒரு சின்னக் கட்டம், இரண்டு இலக்கம் எழுதத்தான் இடம். 1 எழுதலாம், 8 எழுதலாம், 32 எழுதலாம், மூன்றுக்கும் கையில் ஆதாரம் இருந்தது. மென்பொருள் விற்பவர்கள் கேட்பது நான்காவது எண்ணாகவும் இருக்கலாம். ஆரக்கிள் ஒவ்வொரு சிப் வகைக்கும் ஒரு பெருக்கெண் வைத்திருந்தது. 1.2 ஜிகாஹெர்ட்ஸ் டி1-க்குக் கோருக்குக் கால் என்பது அந்த அட்டவணையில் இருந்த கணக்கு. 8 கோருக்கு 2 லைசென்ஸ். இயந்திரத்தில் இந்த 2 எங்குமே கிடையாது, எந்தக் கமாண்டும் அதைக் காட்டாது. நான் படிவத்தின் கட்டத்துக்குள் நட்சத்திரக் குறி போட்டு, பின்பக்கம் முழுக்க எழுதி அனுப்பினேன். கணக்குப் பிரிவு அம்மா போனில் கூப்பிட்டு, “ஒரே ஒரு நம்பர் சொல்லுங்க தம்பி, ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பணும்” என்றார். எந்தக் கேள்விக்கு என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

என் அபிப்பிராயம், இந்தக் கமாண்டுகள் எல்லாம் ஷெட்யூலருக்காகப் பிறந்தவை. ஒரு சமயத்தில் எத்தனை வேலையை எத்தனை இடத்தில் உட்கார வைக்கலாம் என்பதுதான் அதன் கவலை. அதற்கு 32 என்பது சரியான விடை. கணக்குப் பிரிவும் சொத்துக் கணக்காளரும் மேலாளரும் அந்த விடையைத் தங்கள் கேள்விக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள்.

2010-க்குப் பிறகு ஆறு கோர் ஸியான்கள் வந்தன. இரண்டு சாக்கெட், 12 கோர், 24 பெயர். லினக்ஸில் இப்போது ‘எல்எஸ்சிபியு’ என்ற கமாண்ட் கிடைத்திருந்தது. கோருக்கு எத்தனை த்ரெட், சாக்கெட்டுக்கு எத்தனை கோர், சாக்கெட் எத்தனை என்று மூன்றையும் தனித்தனியாக, மரியாதையாகச் சொல்லும். இது முன்பே வந்திருந்தால் எங்கள் மேலாளரோடு பாதிச் சண்டை குறைந்திருக்கும். இருந்தாலும் பழக்கதோஷத்தில் சிபியுஇன்ஃபோவைத் திறந்து கோர் ஐடியைப் பார்த்தேன். 0, 1, 2, 8, 9, 10. நடுவில் ஐந்து எண் காணோம்! சிப்பே தனக்குள் அப்படி முகவரி வைத்திருந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் கோர் சில செத்துவிட்டதாகப் பதறினான். நான் அவனுக்கு 4500-இன் ஸ்லாட் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் போன் வந்துவிட்டதாகத் தப்பித்துப் போனான்.

அந்தச் சமயத்தில் எங்களிடம் இரண்டு வேறு தயாரிப்பாளர்களின் பெட்டிகள் இருந்தன. சிப் அதே, லினக்ஸ் அதே. ஒன்றில் 0 முதல் 5 வரை முதல் சாக்கெட், 6 முதல் 11 வரை இரண்டாவது. மற்றதில் இரட்டைப்படை எல்லாம் ஒரு சாக்கெட், ஒற்றைப்படை எல்லாம் அடுத்தது. பயாஸ் எழுதியவர் அட்டவணையில் எந்த ஒழுங்கில் பெயர் எழுதினாரோ அந்த ஒழுங்கில் லினக்ஸ் எண் கொடுத்தது. தரவுத்தள வேலையை 0 முதல் 5 வரைக்குள் கட்டிவைக்கும் ஒரு ஸ்கிரிப்ட் முதல் பெட்டியில் ஒரே சாக்கெட்டோடு, அதன் பக்கத்து நினைவகத்தோடு அடங்கி ஓடியது. அதையே நகலெடுத்து இரண்டாவது பெட்டியில் போட்டதும் வேலை இரண்டு சாக்கெட்டிலும் சிதறி, நினைவகத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓட ஆரம்பித்தது. பிழைச் செய்தி ஒன்றும் கிடையாது, வெறும் மந்தம். எண் இருந்தது, முகவரி என்ற பொருள் அதிலிருந்து போய்விட்டது.

மெய்நிகர் இயந்திரங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே எல்லாமே எழுதிக் கொடுத்த வருணனை. விஎம்வேர் பழைய வழக்கப்படி, கொடுத்த ஒவ்வொரு பிராசஸரையும் ஒற்றைக் கோர் கொண்ட ஒரு சாக்கெட்டாகக் காட்டிவந்தது. விண்டோஸ் சர்வர் 2008 ஸ்டாண்டர்டு நான்கு சாக்கெட்டுக்கு மேல் தொடாது. எட்டு கொடுத்துவிட்டு நான்கில் ஓடுவதைப் பார்த்து விழித்தவர்கள் பலர். வருணனையில் ஒரு வரியை மாற்றி, இரண்டு சாக்கெட், சாக்கெட்டுக்கு நான்கு கோர் என்று எழுதினால் எட்டும் ஓடும். இரும்பில் ஓர் அணுவும் அசையவில்லை.

கன்டெய்னர் வந்தபோது நிலைமை தலைகீழானது. 64 பெயர் கொண்ட பெரிய இயந்திரத்தில் ஒரு ஜாவா செயலிக்கு இரண்டு பிராசஸர் அளவு நேரம் மட்டும் கொடுத்திருந்தோம். உள்ளே நுழைந்து சிபியுஇன்ஃபோவைப் பார்த்தால் 64-உம் தெரியும். கோப்பு கெர்னலுடையது, கெர்னல் எல்லாருக்கும் பொது. பழைய ஜாவா அந்த 64-ஐ நம்பி, குப்பை அள்ள மட்டும் 43 த்ரெட் வைத்துக்கொண்டது. எட்டு வரை ஆளுக்கொன்று, அதற்கு மேல் எட்டுக்கு ஐந்து என்பது அதன் சூத்திரம். அந்த 43-உம் ஒரே நேரத்தில் எழுந்தால், ஒவ்வொரு நூறு மில்லிசெகண்டிலும் கிடைக்கிற பங்கு கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும், மிச்ச நேரம் செயலி உறைந்து நிற்கும். “என் லேப்டாப்ல பறக்குது சார்” என்று நிரலர் தம்பி சூடம் அணைத்துச் சத்தியம் செய்யாத குறை. அவனையும் குற்றம் சொல்ல முடியாது. கன்டெய்னருக்குப் பங்கு பிரிக்கும் சிக்ரூப்பின் ‘சிபியு.ஸ்டாட்’ கோப்பில் ‘என்ஆர் த்ராட்டில்ட்’ என்ற எண் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது. 2018-இல் வந்த ஜாவா 10 இந்தப் பங்கைப் பார்த்து நடக்கக் கற்றுக்கொண்டது, பிறகு ஜாவா 8-க்கும் அது வந்தது. அதுவரை எண்ணிக்கையை நாங்களே எழுதிக் கொடுத்தோம்.

போன ஆண்டு அமேசான் கிளவுடில் இரண்டு வகை இயந்திரங்களை ஒப்பிட்டு விலைப்பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தாள் எங்கள் குழுவின் ஒரு பெண். இன்டெல்லில் ஒன்று, அமேசானே வடிவமைக்கும் கிராவிடனில் ஒன்று. இரண்டிலும் நான்கு விசிபியு. “ரெண்டும் நாலுதான் சார், விலை குறைஞ்சத எடுத்துக்கலாமா?”

“எல்எஸ்சிபியு -இ போடும்மா. கோர்னு ஒரு நெடுவரிசை வரும், அதப் பாரு.”

இன்டெல்லில் அந்த நெடுவரிசையில் 0, 1, 0, 1 என்று வந்தது. கிராவிடனில் 0, 1, 2, 3.

“இதுல நாலு பேருக்கு ரெண்டு கோர்தானா சார்?”

“ஆமா.”

“அப்ப ஷீட்ல ரெண்டுன்னு போடட்டுமா?”

“ரெண்டுன்னும் போடாத. அந்த ரெண்டு கோரும் ஒவ்வொண்ணும் வேகமா இருக்கலாம். நம்ம பில்லிங்க ரெண்டுலயும் ஓட்டிப் பாரு.”

ஒரு மணி நேரத்துக்கு இரண்டு இயந்திரத்தையும் வாடகைக்கு எடுத்தாள். போன மாதத்து பில்லிங் கோப்பை இரண்டிலும் ஏற்றி, ஒற்றை நூலாக ஒரு தடவை, நான்கு நூலாக ஒரு தடவை ஓட்டினாள். விசிபியு என்ற நெடுவரிசையைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு, நிமிடம் என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள். மேலாளர் கூட்டத்தில் அந்தப் பழைய நெடுவரிசை எங்கே என்று கேட்டார்களாம். அதற்கு என்ன சொன்னாள் என்று நான் விசாரிக்கவில்லை.